என்ஜின் கவரும் ஜாபர் பாயும்

பைபாஸ் ஓரத்துக் கேஸ் பங்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது செல்வராஜிடமிருந்து போன் வந்தது. எங்கள் பூந்தமல்லி கார் ஸ்டாண்டில் செல்வராஜ் காலையில் போன் செய்தால், யாருடைய வண்டியாவது எங்காவது மக்கர் செய்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் எடுத்த எடுப்பில், "யார் வண்டி? எங்க?" என்றுதான் கேட்டேன். அவன், "ஜாபர் பாய் மவுத்தாயிட்டாருண்ணா" என்றான். விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்து வீட்டுக்கு வந்தவர் டீ கேட்டிருக்கிறார். டீ வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

செய்தி கேட்டதும் போட்டது போட்டபடி ஓடினேன் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் நான் ஓடவில்லை. முன்னும் பின்னும் வண்டிகள். வரிசையை விட்டு வெளியே வர வழியில்லை. கேஸ் அடித்துக்கொண்டுதான் போனேன். மாற்றி எழுதினால் ஜாபர் பாய்க்கே பிடிக்காது. "இன்னா மாமே, கேஸ் வரிசைய வுட்டுட்டு வந்தியா நீ? யார்கிட்ட வுடுற கதைய?" என்று கேட்டிருப்பார்.

ஸ்டாண்டு நண்பர்கள் அவரைப் பற்றி என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். எங்கள் ஓட்டுநர் சங்க மலரில் அவ்வப்போது ஏதாவது கிறுக்குகிறவன் என்பது ஒரு காரணம். அவரோடு அதிகம் சண்டை போட்டவன் என்பது இன்னொரு காரணம். திருமழிசையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நான், கம்பெனியை மூடியதும் ஒரு கார் வாங்கி ஸ்டாண்டுக்கு வந்தேன். வந்த அன்றே என் வண்டியைச் சுற்றி வந்து, "கலரு செரியில்ல" என்று சொன்னவர் அவர். வெள்ளை நிறத்தில் என்ன சரியில்லை என்று கேட்டேன். அரை மணி நேரம் விளக்கினார். எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. எந்த சிமென்ட் நல்லது, பிரியாணிக்கு எந்த அரிசி, எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் ஜீரணமாகும், எல்லாம் தெரியும். ஒருமுறை அய்யப்பந்தாங்கலில் சவாரியை இறக்கிவிட்ட பிறகும், வீடு கட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரோடு கம்பிகட்டு பற்றி அவர் வீட்டு வாசலிலேயே நின்று வாதாடியிருக்கிறார். அந்த மனிதர் கடைசியில் உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டாராம். "தோத்துட்டான், ஓடிட்டான்" என்று எங்களிடம் வந்து சொன்னார். இரங்கல் கூட்டத்தில் யாராவது அவரைப் பொறுமைசாலி என்று பேசினால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அவர் வாயை மூடிக்கொண்டு ஓட்டிய சவாரி ஒன்றே ஒன்றுதான், அதுவும் திரும்பும் வழியில் மட்டும். பாரிவாக்கத்து விஜயா அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலையில் அம்பத்தூர் பக்கம் ஒரு மையத்தில் டயாலிசிஸ். மகனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை, வர முடியாது. அந்த இரண்டு நாளும் ஜாபர் பாய் வண்டிதான். போகும்போது ஊர் நியாயம் எல்லாம் பேசுவார். திரும்பும்போது அந்த அம்மா துவண்டுபோய் பின் சீட்டில் சாய்ந்திருப்பார். இவர் ஹாரன்கூட அடிக்காமல் வருவார். மற்ற நாட்களில் எந்தச் சவாரி வந்தாலும் பேரம் பேசுகிறவர், செவ்வாய் வெள்ளியில் எவ்வளவு பெரிய வெளியூர் டூட்டி வந்தாலும் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிடுவார். அந்த மையத்தில் மெஷினுக்கு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். தப்பவிட்டால் அடுத்து எப்போது காலியாகிறதோ அப்போதுதான். அதற்குள் உடம்பில் நீர் கோத்து, மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும்.

எங்கள் சண்டையும் அந்தச் சவாரியில்தான் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை, பருத்திப்பட்டு தாண்டும்போது வண்டிக்குள் தீய்ந்த நாற்றம் வந்திருக்கிறது. முதலில் வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தாராம். பிறகு பானட் ஓரத்தில் புகை. வண்டியும் நின்றுவிட்டது. இறங்கித் திறந்தால் மேலே எல்லாம் சுத்தமாக, கறுப்பாக, கம்பெனியின் அடையாளம் பொறித்த பிளாஸ்டிக் கவர் வழக்கம்போல உட்கார்ந்திருக்கிறது. அதன் இடுக்கிலிருந்து புகை வருகிறது. கவரைக் கழற்றிப் பார்த்தால் கீழே ஒரு எலிக் குடித்தனம். கவரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து மெத்தை போட்டு, சாக்குநூல், பேப்பர், பிரியாணிக்கடை எலும்பு என்று சகல வசதிகளோடு இருந்திருக்கிறது. ஒரு ஒயரையும் கடித்து வைத்திருக்கிறது. அது பொறி தட்டி, மெத்தையில் பிடித்துக்கொண்டுவிட்டது. குடிக்கிற தண்ணீரை ஊற்றி அணைத்தார். விஜயா அம்மாவை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கூடவே இவரும் போனார். நேரம் தப்பிவிட்டது. மெஷின் காலியாகும்வரை அந்த அம்மா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தே இருந்தாராம். படுத்தால் மூச்சு வாங்குகிறது. ஜாபர் பாய் எதிரில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

சாயங்காலம் ஸ்டாண்டுக்கு வந்தவர், கவரை எடுத்து வேப்பமரத்தடியில் வீசினார். அடுத்த நாளிலிருந்து பிரசாரம் ஆரம்பமானது.

"இன்னாத்துக்கு இந்த பிளாஸ்டிக்கு? கண்ணுக்கு அழகா கீது, அவ்ளோதான். கீழ எலி குட்டி போட்டு பேரு வச்சிகினு கீது, நமக்குத் தெரில. கழட்டிக் கடாசுங்கடா எல்லாரும்!"

எங்கள் ஸ்டாண்டில் பெரும்பாலும் ஒரே மாடல் வண்டிதான். அதனால் பேச்சு எல்லோருக்கும் பொருந்தியது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பானட்டைத் திறந்தால் அந்தக் கறுப்புக் கவர் பளபளவென்று இருக்க வேண்டும் எனக்கு. லீவு நாளில் அதற்குத் தனியாகப் பாலிஷ் போடுகிறவன் நான்.

"கம்பெனிக்காரன் இன்னா மடையனா பாய்? படிச்சவன் உக்காந்து யோசிச்சித்தான வச்சிருப்பான்?" என்றேன்.

"அவன் வண்டி விக்கறவன் மாமே. ஓட்டறவன் நானு."

"தூசி படியும். சத்தம் வரும்."

"வரட்டும். சத்தம் வந்தா இன்னா சத்தம்னு கேப்பேன். தூசி படிஞ்சா தொடப்பேன். மூடி வச்சா இன்னா கெடைக்கும்?"

இப்படி மாதக்கணக்கில். ஸ்டாண்டு இரண்டாகப் பிரிந்தது. கழற்றியவர்கள் ஒரு பக்கம், மாட்டியிருப்பவர்கள் ஒரு பக்கம். வண்டிகளை நிறுத்துவதுகூட அப்படியே ஆகிவிட்டது. அவர் பக்கம்தான் கூட்டம் அதிகம். அவர் குரல் அப்படி. கழற்றிய கவர்கள் எல்லாம் வேறு வேலைக்குப் போயின. அவருடையதை எதிர்க்கடைப் பூக்கார அம்மா எடுத்துக் கதம்பம் வைக்கத் தட்டாக்கிக்கொண்டார். செல்வராஜின் மனைவி அவனுடைய கவரில் வடகம் காயப்போட்டாள். அந்த வடகத்தை ஸ்டாண்டுக்கே வறுத்துக் கொடுத்தனுப்பினாள். நான் மட்டும் தின்னவில்லை. கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யாமல், இரவு தொடங்கி மறுநாளும் ஒரே சீராக ஊற்றிய மழை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் ஸ்டாண்டிலேயே செல்வராஜ் வண்டி கிளம்பவில்லை. இன்னொருவன் குமணன்சாவடியில் நின்றுவிட்டான். முகப்புக் கண்ணாடியின் அடியில், வைப்பருக்குக் கீழே, காற்று போக ஓட்டை ஓட்டையாக ஒரு ஜாலி இருக்கும். இலை தழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கிருந்து பானட்டுக்குள் சொட்டும். எங்கள் மாடலில் அது விழும் இடத்துக்கு நேர் கீழே, பொறி கொடுக்கிற பிளக்குகளின் குழிகள். கவர் இருந்தால் தண்ணீர் அதன்மேல் விழுந்து ஓரமாக வழிந்துவிடும். இல்லையென்றால் குழியில் இறங்கும். வண்டி திக்கித் திணறி நிற்கும். கவர் எதற்கு இருக்கிறது என்று கம்பெனிக்காரனும் எங்களுக்குச் சொன்னதில்லை, மழைதான் சொன்னது.

ஜாபர் பாய் போன் செய்தார்.

"ஏகா, வண்டி நின்னுட்ச்சி. அம்மா உள்ள கீறாங்க. உன்னுது ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப வா."

பாரிவாக்கம் சந்திப்புக்கு முன்னால், கணுக்கால் அளவு தண்ணீரில் அவர் வண்டி நின்றிருந்தது. இவர் வெளியே நின்று, தன் லுங்கி சட்டையெல்லாம் நனைந்தபடி, பின் கதவு ஜன்னலுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் இருக்கிறவருக்கு எதற்குக் குடை என்று கேட்கத் தோன்றியது. முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன், அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயந்துபோயிருந்தார். அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக என் வண்டிக்கு மாற்றி, பையைக் கொடுத்து, கதவைச் சாத்தினார்.

"நீயும் ஏறு பாய்."

"நான் வண்டிய பாத்துகினு கீறேன். நீ போ. பேசாத, போ."

போகிற வழியில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேம்மா, கவரைக் கழட்டாதீங்கன்னு" என்றேன். விஜயா அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார். கடைசி நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம், மெஷின் கிடைத்தது.

மறுநாள் ஜாபர் பாய் ஸ்டாண்டுக்கு வந்தபோது ஜலதோஷத்தில் தொண்டை கட்டியிருந்தது. அப்படியும் கத்தினார். "கழட்டச் சொன்னது நானு. தப்பு. யார் யாருக்கு வண்டி நின்னுச்சோ, வந்து திட்டிட்டுப் போங்க. இப்பவே திட்டிடுங்க. சாயங்காலமா வந்து திட்டக் கூடாது." செல்வராஜ் நிஜமாகவே திட்டினான். நிறைய நாள் சேர்த்து வைத்திருந்தான் போலிருக்கிறது. ஜாபர் பாய் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். தப்பு என்று ஒத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குரலைத் தாழ்த்தி, ஓரமாக அழைத்துப்போய்ச் சொல்வார்கள். பிரசாரம் செய்த அதே சத்தத்தில், அதே இடத்தில் நின்று ஒத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அன்று அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தாங்க முடியாது.

நான் ஜெயித்த மிதப்பில் நின்றுகொண்டிருந்தேன். திட்டு வாங்கி முடித்தவர் என்னிடம் வந்தார்.

"மாமே, உன் பானட்ட தெற."

"எதுக்கு?"

"தெறன்னா தெற."

திறந்தேன். கவர் கண்ணாடி மாதிரி மின்னியது. அவரே ஸ்பேனர் கொண்டுவந்து கழற்றினார். அடியில் என்ஜின் ஓரமெல்லாம் எண்ணெய் கசிந்து, தூசியோடு சேர்ந்து களியாக அப்பிக் கிடந்தது. எத்தனை நாளாகக் கசிகிறதோ தெரியாது. நான் மேலே பாலிஷ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். செல்வராஜ் சிரித்தான்.

"உன் கவரு மழைய தடுத்துச்சி, ஒத்துக்கறேன்" என்றார் ஜாபர் பாய். "உன் கண்ணையுந்தான தடுத்துகினு கீது?"

அப்படியானால் கழற்றுவதா, மாட்டுவதா? அப்போதைக்கு ஜாபர் பாய் பூக்கார அம்மாவிடம் கெஞ்சிக் கவரைத் திரும்ப வாங்கிவந்தார். கொஞ்ச நாள் அவர் வண்டி என்ஜினில் மல்லிகை வாசம் அடித்தது.

பதிலை விஜயா அம்மாதான் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். ஜாபர் பாய் அதைத் தன் சொந்தச் சரக்கு மாதிரிதான் எங்களிடம் அவிழ்த்தார். நோய் வருவதற்கு முன் அந்த அம்மா அம்பத்தூரில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் செக்கிங்கில் இருந்தவர். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் அம்பு போட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. தினமும் காலையில் தானே கவரைத் தூக்கிப் பார்த்துவிடுவதாக ஜாபர் பாய் ஒரு சவாரியில் பெருமையாகச் சொன்னபோது, அந்த அம்மா, "தச்சவளே தன் துணிய செக் பண்ண மாட்டா பாய். அவ கண்ணுக்கு அது பழகிப்போயிருக்கும். வேற ஆளு பாக்கணும்" என்றிருக்கிறார்.

அதுதான் எங்கள் ஸ்டாண்டின் வழக்கமானது. வேறு எந்த ஸ்டாண்டிலும் இது கிடையாது என்று நினைக்கிறேன். ஜாபர் பாய் கவரின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, சைக்கிள் டியூப்பை வெட்டி இரண்டு பக்கமும் கொக்கி போட்டார், கையாலேயே தூக்கலாம். காலையில் முதல் சவாரிக்கு முன்னால் பானட்டைத் திறந்து கவரைத் தூக்க வேண்டும். வண்டிக்காரன் பார்க்கக் கூடாது. பக்கத்து வண்டிக்காரன்தான் பார்க்க வேண்டும். அவன் "செரி" என்று சொன்ன பிறகு கவரை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "பொண்ணு பாக்கற மாதிரி இன்னா பாய் இது?" என்றான் செல்வராஜ். இரண்டு மழைக்காலம் யார் வண்டியும் வழியில் நிற்காமல் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் வண்டியை நான் பார்ப்பேன், என் வண்டியை அவர் பார்ப்பார். யாரும் இப்படி ஜோடி பிரித்துவிடவில்லை. எங்கள் இருவரையும் வேறு யாராலும் சகிக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. நான் பார்க்கும்போது அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் பார்க்கும்போது அர்ச்சனைதான். "இது இன்னா ஒயரா, உங்க மாமியா ஊட்டு கொடிக்கயிறா?" "கண்ணால பாரு மாமே, கடமைக்குப் பாக்காத." ஒருநாள் வெளியூர் போக வந்த சவாரிக்காரர், நாங்கள் இருவரும் குனிந்து நிற்பதைப் பார்த்து, "என்ன தேடுறீங்க?" என்று கேட்டார். "நேத்து இல்லாதத" என்றார் ஜாபர் பாய். அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஒரு நாள்கூட அவர் விட்டதில்லை. நேற்றுத்தானே பார்த்தோம் என்று நான் சலித்துக்கொண்டால், "நேத்து பாத்தது நேத்தோட போச்சி, தூக்கு" என்பார்.

மையவாடியில் அவர் குழியில் மண் தள்ளிவிட்டு வெளியே வரும்போது, சங்கத்து ஆள் ஒருவர் என்னிடம், "ஊரு வண்டிக்கெல்லாம் கவரத் தூக்கிப் பாத்த மனுசன், தன் நெஞ்சுல இருந்தத மட்டும் மூடி வச்சிகினாரே" என்றார். கேட்க நன்றாக இருந்தது. சங்க மலரில் தலைப்பாகவே போடலாம். ஆனால் பொய். ஜாபர் பாய் எதையும் மூடி வைக்கவில்லை. நெஞ்சுவலி வந்த அன்றே எல்லோரிடமும் சொன்னார். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் ஒவ்வொருவருக்கும் காட்டினார், சவாரிக்காரர்களுக்கும் காட்டினார். மாத்திரையை நேரம் தவறாமல் போட்டார். சொன்ன தேதிக்கு டாக்டரிடம் போனார். பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள், பார்த்தும் போய்விட்டார். பார்த்துவிட்டால் எதுவும் நடக்காது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று வியாழக்கிழமை. அடக்கம் முடிந்து அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் ஸ்டாண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தோம். விஜயா அம்மா காலையிலேயே மகனோடு வந்துவிட்டிருந்தார். உள்ளே பெண்களோடு இருந்தார். எனக்கு மறுநாள் வெள்ளி என்பது ஞாபகம் இருந்தது. மற்றவர்களுக்கும் இருந்திருக்கும். சாவு வீட்டில் எப்படிப் பேச்செடுப்பது என்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை காலையில் வேலூருக்கு ஒரு கல்யாண டூட்டி ஒத்துக்கொண்டிருந்தேன். அதையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஜாபர் பாயின் மனைவியின் குரல் வந்தது. கணவர் இறந்தபின் வெளி ஆட்கள் முன் வராமலிருக்கிற இத்தாவில் இருப்பவர், வெளியே வரமாட்டார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"நாளைக்கி வெள்ளிக்கெழம. அம்மாவுக்கு டூட்டி கீது. யாரு போறீங்க?"

கணவனைப் புதைத்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை.

"நான் போறேம்மா" என்றேன்.

"ஏகாம்பரம் அண்ணனா?"

"ஆமா."

"சீக்கிரமா போயிடுங்க. அவரு சீக்கிரமாவே கெளம்பிடுவாரு" என்றார். பிறகு உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. வேலூர் டூட்டியைச் செல்வராஜுக்குத் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போகாமல், நேராகப் பாரிவாக்கம் போய் விஜயா அம்மா வீட்டு முன்னால் நிறுத்தினேன். அவர் பையோடு கேட்டருகில் நின்றிருந்தார். பையை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"யாரு பாத்தாங்க?" என்று கேட்டார்.

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், "யாரும் பாக்கலம்மா. பாய்தான் பாப்பாரு" என்றேன்.

அவர் பையைச் சீட்டில் வைத்துவிட்டு முன்பக்கம் வந்தார். "தெறங்க" என்றார். பானட்டைத் திறந்து, கொக்கியை விட்டுக் கவரைத் தூக்கிப் பிடித்தேன். போன் வெளிச்சத்தை அடித்து, குனிந்து, மூச்சு வாங்க வாங்க இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். வெறும் பேச்சுக்கு எட்டிப் பார்க்கிற பார்வை இல்லை அது. நான் கவரைப் பிடித்தபடி நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்த ஒயர் மேல சுத்தியிருக்கே, அது இன்னா?"

"டேப்பும்மா. போன வாரம் பாய் சுத்தினாரு."

அந்த இடத்தில் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் கீது. மூடுங்க, போலாம்."

போகும் வழியில் நான் வாயே திறக்கவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஜாபர் பாயின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. வண்டியை அவர் மருமகன் ஓட்டப்போகிறார். அவருடைய அபிப்பிராயங்களை நான் எடுத்துக்கொள்வதாக இல்லை, பாதி தப்பு. நான் வைத்துக்கொள்வது செவ்வாய், வெள்ளி சவாரியையும், கிளம்புமுன் என் வண்டியை இன்னொரு ஆள் பார்க்க வேண்டும் என்கிற வழக்கத்தையும்தான். அந்த இரண்டு நாளும் விஜயா அம்மா பார்த்துவிடுகிறார். மற்ற நாட்களில் பானட்டைத் திறந்துவைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் வலது பக்கம் திரும்பி நிற்கிறேன். அங்கே ஆள் இல்லை. ஸ்டாண்டு நண்பர்களில் யாருக்கு மனமிருக்கிறதோ, நாளைக் காலையில் வாருங்கள். திட்டிக்கொண்டே பார்த்தாலும் பரவாயில்லை.